எம். கே. தியாகராஜ பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் (மார்ச் 1, 1910 – நவம்பர் 1, 1959) தமிழ் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் புகழ்பெற்ற பாடகர், நடிகர் ஆவார். எம். கே. டி. என்றும் பாகவதர் என்றும் பரவலாக அழைக்கப்பட்டார். தமிழ்த் திரைப்படத்துறையின் முதல் உச்ச நட்சத்திரமாக இவர் கருதப்படுகிறார். இவர் நடித்த திரைப்படங்கள் மொத்தம் 14. அவற்றுள் 1944 இல் வெளிவந்த ஹரிதாஸ், சென்னையில் ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

புகழின் உச்சியில் இருந்தபோது, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். 1947 இல் குற்றமற்றவர் என விடுதலை செய்யப்பட்டார். ஆயினும் இழந்த இடத்தை அவரால் மீண்டும் பெற இயலவில்லை. தமது 49 ஆவது வயதில் சென்னையில் காலமானார்.

இளமை

தியாகராஜன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த மாயவரத்தில் (தற்போதைய மயிலாடுதுறை) பிறந்தார். இவரது பெயருக்கு முன் உள்ள முதல் எழுத்து இவ்வூரைக் குறிப்பதாகும். விசுவகர்மா சமூகத்தைச் சேர்ந்த இவரது குடும்பத்தின் தொழில் பொன் வேலை. பின்னர் குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. பாகவதரின் வளர்ச்சி முழுவதும் திருச்சியிலேயே நிகழ்ந்தது. வாழ்நாள் முழுவதும் அவ்வூரையே தம் சொந்த ஊராகக் கொண்டிருந்தார்.

சிறுவனான தியாகராஜனுக்குப் படிப்பிலும் குலத்தொழிலிலும் நாட்டம் இல்லை. பாட்டில் மட்டுமே ஆர்வம் இருந்தது. இதனால் வீட்டில் கண்டிக்கப்பட்டதால் ஊரை விட்டு ஓடினார் என்றும், ஆந்திரப் பகுதியில் உள்ள கடப்பையில் மக்கள் கூடிக் கேட்கப் பாடிக்கொண்டிருந்தபோது தந்தையார் கண்டுபிடித்து அழைத்து வந்தார் என்றும் கூறப்படுகிறது. அதன் பின்னர் குடும்பத்தினர் தடை சொல்லவில்லை. திருச்சியில் நடைபெற்ற பஜனைகளில் பாடத் தொடங்கினார்.

நாடக மேடையில்

பாகவதரின் குரலை முதலில் அடையாளம் கண்டவர் எப். ஜி. நடேச ஐயர். இவர் தென்னிந்திய இரயில்வேயில் அலுவலராக இருந்தவர், நாடகக் கலைஞர், திருச்சி ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். தமது அரிச்சந்திரா நாடகத்தில் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக நடிக்கப் பத்து வயதுச் சிறுவனான தியாகராஜனை அவர் தேர்ந்தெடுத்தார். அந்த வேடம் நல்ல வரவேற்பைப் பெற்றது.

இதனைத் தொடர்ந்து, வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் சில ஆண்டுகள் முறையாகக் கருநாடக இசை பயின்றார். நடிப்புப் பயிற்சி தனியாக அளிக்கப்பட்டது. இவரது கச்சேரி அரங்கேற்றத்தில் பொன்னு ஐயங்கார் வயலினும் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிராவும் வாசித்தனர். இளைஞரின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த தட்சிணாமூர்த்தி பிள்ளை அவரைப் பாகவதர் என்று சிறப்பித்தார். அதுமுதல் அப்பட்டமே அவரது பெயராயிற்று.

அக்காலத் தமிழ் நாடகம் பெரும்பாலும் இசை நாடகமாகவே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த மரபில், கதை மாந்தர் மேடைக்கு வருவதும், தம்மை அறிமுகம் செய்துகொள்வதும், வாதிடுவதும், காதலிப்பதும், அழுவதும் பாட்டின் வழியாகவே நடைபெற்றன. ஒலிபெருக்கி பரவலாகாத காலம் அது. திறந்த வெளியில், நள்ளிரவு தாண்டியும் நடைபெறும் நாடகத்தில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆகவே உயர்ந்த சுருதியில் தளராமல் பாடும் ஆற்றல் கதாநாயக நடிகருக்கு, அதாவது இராஜபார்ட்டுக்கு, முதல் தகுதியாக இருந்தது. ஐரோப்பிய இசை நாடகமாகிய ஓபராவில் தெனார் எனப்படும் உயர்குரல் ஆண் பாடகருக்கு இருந்த இடமே தமிழ் மேடையில் இராஜபார்ட்டுக்கு இருந்தது எனலாம்.

தமிழில் சுருதியைக் கட்டை என்னும் அளவால் குறிப்பது வழக்கம். இது ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு அமைந்த கணக்காகும். கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலான சுருதியிலும், பெண்கள் அதைவிட மிக உயர்ந்த சுருதியிலும் பாடுவர். நாடக மேடையின் ஆண் பாடகர்கள் பெண்களின் சுருதியை நெருங்கிப் பாடினர். இவ்வகையில் பாகவதருக்கு முன்னோடியாக விளங்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933). கிட்டப்பா 27 வயதில் மறைந்தார், திரைப்படத்தில் நடிக்கவில்லை, அவரது குரல் இசைத்தட்டுகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. கிட்டப்பா மறைந்த அடுத்த ஆண்டில் பாகவதர் திரைக்கு வந்தார்.

பாகவதருக்குப் பெரும்புகழ் தேடித் தந்த நாடகம் பவளக்கொடி. மகாபாரதக் கதை மாந்தனான அருச்சுனன், பவளக்கொடி என்னும் அரசியைக் காதலித்து மணக்கும் நாட்டார் வழக்குக் கதை இது. அருச்சுனனாகப் பாகவதரும் பவளக்கொடியாக எஸ். டி. சுப்புலட்சுமியும் நடித்தனர். திருச்சி, செட்டிநாடு முதலிய பகுதிகளில் இந்த இணைக்கு மிகுந்த வரவேற்பு இருந்தது.

திரைப்படத்துறையில்

பவளக்கொடி

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931 இல் வெளிவந்தது. அதன் பின் மேடையில் வெற்றி பெற்ற நாடகங்களைத் திரைப்படமாக்கும் போக்கு பரவியது. காரைக்குடியில் பவளக்கொடி நாடகத்தைக் கண்ட தயாரிப்பாளர்கள் அதனைப் படமாக்க முன்வந்தனர். கே. சுப்பிரமணியம் இயக்கினார். இயக்குநராக அவருக்கு இது முதல் படம். பாகவதருக்கும் எஸ். டி. சுப்புலட்சுமிக்கும் இது முதல் படமே. பாபநாசம் சிவன் பாடல்களை எழுதினார்.

1934 இல் வெளிவந்த இப்படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இடம்பெற்றன. அவற்றுள் 22 பாடல்களைப் பாகவதர் பாடினார். பின்னணி பாடும் முறை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. நடிப்பவரே ஒளிப்படக் கருவியின் முன் பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாதவாறு மறைந்திருந்து வாசிக்க வேண்டும். படப்பிடிப்பு பகலொளியில் நடந்தது. காக்கைகள் கரையும் சத்தம் ஒலிப்பதிவைக் கெடுத்ததால், அவற்றை விரட்டத் துப்பாக்கியுடன் ஓர் ஆளை அமர்த்தியிருந்தனர் என்று கூறப்படுகிறது. இத்தகைய சூழலில், ஒரே மூச்சில் பிழையின்றிப் பாடக்கூடிய மேடைப் பாடகர்களே திரைக்கு ஏற்றவர்களாக இருந்தனர்.

சிந்தாமணியும் அம்பிகாபதியும்

நவீன சாரங்கதாரா, சத்தியசீலன் ஆகிய படங்கள் 1936 இல் வெளிவந்தன. இவற்றுள் சத்தியசீலன் பாகவதரின் சொந்தத் தயாரிப்பாகும்.

1937 ஆம் ஆண்டு இவரது வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டில் வெளிவந்த சிந்தாமணி, ஒய். வி. ராவ் இயக்கத்தில் மதுரை ராயல் டாக்கீஸ் நிறுவனத்தாரால் தயாரிக்கப்பட்டது. கணிகை சிந்தாமணியிடம் மயங்கிப் பின்னர் கண்ணன் அடியவனாக மாறும் பில்வமங்களன் கதை இது. கதாநாயகியாகக் கே. அசுவத்தம்மா நடித்தார். ஒரே திரையரங்கில் ஓராண்டுக்கும் மேல் ஓடிய முதல் தமிழ்ப்படம் என்று இது குறிப்பிடப்படுகிறது. இப்படத்தில் கிடைத்த இலாபத்தைக் கொண்டு தயாரிப்பாளர்கள் மதுரையில் கட்டிய திரையரங்கிற்குச் சிந்தாமணி என்றே பெயரிட்டனர்.

அதே ஆண்டில் வெளிவந்த அம்பிகாபதியை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் இடையிலான காதலைக் கூறும் கதை இது. அமராவதியாக எம். ஆர். சந்தானலட்சுமி நடித்தார். மணிக்கொடி எழுத்தாளர்களுள் ஒருவரான இளங்கோவன் வசனம் எழுதினார். பேச்சு வழக்கும் மணிப்பிரவாளமும் கலந்திருந்த திரைத்தமிழுக்கு மாற்றாக இலக்கிய நடையில் அமைந்த இவரது வசனம் பெரிதும் பாராட்டப்பட்டது. பாட்டை நம்பியிருந்த தமிழ்த்திரை வசனத்தின் பக்கம் திரும்பத் தொடங்கியதன் முதல் அடையாளங்களுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். அந்த மாற்றம் பின்னாளில் பாகவதருக்கே பாதகமாக அமைந்தது.

திருநீலகண்டர் முதல் சிவகவி வரை

1939 இல் வெளிவந்த திருநீலகண்டர், அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான குயவரின் கதை. ராஜா சாண்டோ இயக்கிய இப்படத்தில் நகைச்சுவை வேடங்களை என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் ஏற்றனர்.

1941 இல் ராஜா சந்திரசேகர் இயக்கத்தில் அசோக்குமார் வெளிவந்தது. மௌரியப் பேரரசர் அசோகரின் மகன் குணாளனாகப் பாகவதர் நடித்தார். சிற்றன்னையின் விருப்பத்திற்கு இணங்க மறுத்ததால் பொய்க்குற்றம் சாட்டப்பட்டுக் கண்களை இழக்கும் இளவரசன் வேடம் அது. சிற்றன்னையாகப் பி. கண்ணாம்பாவும் அசோகராக வி. நாகையாவும் நடித்தனர். பிற்காலத்தில் தமிழக முதலமைச்சரான எம். ஜி. ஆர். இப்படத்தில் சிறு வேடம் ஒன்றில் தோன்றினார்.

1943 இல் வெளிவந்த சிவகவி, சிவனைத் தவிர வேறு தெய்வத்தைப் பாட மறுத்து, முருகனின் சோதனைக்கு ஆளாகும் பொய்யாமொழிப் புலவரின் கதை. எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இப்படத்தை இயக்கி முடித்தார். பாகவதரின் பாடல்களுள் இன்றும் இசையரங்குகளில் நினைவுகூரப்படுபவை பல இப்படத்தில் உள்ளன.

ஹரிதாஸ்

1944 அக்டோபர் 16 ஆம் நாள், தீபாவளியை ஒட்டி, ஹரிதாஸ் வெளியிடப்பட்டது. சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கினார். பெற்றோரைப் புறக்கணித்து, மனைவியை மறந்து, ரம்பா என்னும் கணிகையிடம் செல்வம் அனைத்தையும் இழக்கும் ஹரிதாஸ், மனம் திருந்திப் பெற்றோருக்குத் தொண்டு செய்வதே கதை. ரம்பாவாக டி. ஆர். ராஜகுமாரி நடித்தார். பாடல்களைப் பாபநாசம் சிவன் இயற்றினார். ஜி. ராமநாதன் பின்னணி இசை அமைப்பை மேற்கொண்டார்.

இப்படத்தில் இடம்பெற்ற 'மன்மத லீலையை' எனத் தொடங்கும் பாடல் சாருகேசி இராகத்தில் அமைந்தது. கச்சேரிகளில் அப்போது அதிகம் பாடப்படாத இவ்விராகம் இப்பாடலால் பொதுமக்களிடையே அறிமுகமாயிற்று.

சென்னை பிராட்வே திரையரங்கில் ஹரிதாஸ் 1944, 1945, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளின் தீபாவளிகளைக் கடந்து 110 வாரங்கள் ஓடியது. இக்காலத்தின் பெரும்பகுதியில் அதன் கதாநாயகன் சிறையில் இருந்தார். வெளியில் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி அவரது பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இசையும் தோற்றமும்

பாகவதரின் வெற்றியில் பாபநாசம் சிவனுக்குப் (1890–1973) பெரும் பங்கு உண்டு. கருநாடக இசையில் தேர்ந்த சிவன், இராகத்தின் இலக்கணம் கெடாமல், அதே வேளையில் இசைப்பயிற்சி இல்லாதவரும் திரும்பப் பாடக்கூடிய எளிய தமிழில் பாடல்களை அமைத்தார். சபைகளுக்குச் சென்று கச்சேரி கேட்கும் வாய்ப்பு இல்லாத உழவரும் தொழிலாளரும் இப்பாடல்கள் வழியே கருநாடக இராகங்களைக் கேட்டனர். தமிழில் பாடல்கள் மேடைகளில் போதிய அளவு பாடப்படுவதில்லை என்னும் குறைபாடு தமிழிசை இயக்கமாக வடிவெடுத்த அதே காலத்தில், தமிழ்ப் பாடல்களைப் பட்டிதொட்டிகள் வரை கொண்டு சென்றவர் பாகவதர்.

மந்தரம் முதல் தாரம் வரை சிரமமின்றிச் செல்லும் குரல், சொற்களைத் தெளிவாக உச்சரிக்கும் முறை, விரைவான பிருகாக்கள் ஆகியன இவரது பாட்டின் சிறப்புகளாகக் கூறப்படுகின்றன. நடிப்பில் இவர் தனித்திறன் காட்டியவர் அல்லர் என்னும் விமர்சனமும் உண்டு. எனினும் பாட்டு தொடங்கியதும் முகமும் குரலும் ஒன்றுபட்டு நின்றதை விமர்சகர்களும் ஏற்றனர்.

தோளைத் தொடும் வகையில் பின்னோக்கி வாரிவிடப்பட்ட இவரது தலைமுடி, பாகவதர் கிராப் எனப் பெயர் பெற்று இளைஞர்களிடையே பரவியது. பட்டு ஜிப்பா, சரிகை அங்கவஸ்திரம், வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு ஆகியன இவரது வழக்கமான தோற்றம். இவர் பயணம் செய்யும் இரயில் நிற்கும் நிலையங்களில் எல்லாம் மக்கள் திரண்டனர். திரைப்பட நடிகர் ஒருவருக்காகத் தமிழ்நாட்டில் இவ்வாறு கூட்டம் கூடியது அதுவே முதன்முறை.

இக்காலத்தில் இவருக்கு நிகரான போட்டியாளராக விளங்கியவர் பி. யு. சின்னப்பா (1916–1951). சின்னப்பாவும் நாடக மேடையிலிருந்து வந்த பாடகரே. பாகவதர் பாட்டுக்காகவும், சின்னப்பா பாட்டோடு சண்டைக் காட்சி, இரட்டை வேடம் ஆகியவற்றுக்காகவும் விரும்பப்பட்டனர்.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

பின்னணி

சி. என். இலட்சுமிகாந்தன் சென்னையில் வாழ்ந்த பத்திரிகையாளர். ஏற்கெனவே மோசடிக் குற்றத்திற்காகச் சிறைத்தண்டனை பெற்றவர். இவர் நடத்திய சினிமா தூது என்னும் இதழ் திரைப்படக் கலைஞர்களின் தனிவாழ்வு பற்றிய அவதூறுகளை வெளியிட்டது. எழுதாமல் இருப்பதற்காகப் பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டும் இவர்மீது இருந்தது. பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டதைத் தொடர்ந்து அவ்விதழின் உரிமம் இரத்து செய்யப்பட்டது. இலட்சுமிகாந்தன் பின்னர் இந்துநேசன் என்னும் இதழைத் தொடங்கி அதே போக்கைத் தொடர்ந்தார். திரைக்கலைஞர்களோடு செல்வந்தர்கள், தொழிலதிபர்கள் முதலியோரைப் பற்றியும் அதில் எழுதினார். ஆகவே அவருக்குப் பகைவர்கள் பலர் இருந்தனர்.

1944 நவம்பர் 8 ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கைரிக்சாவில் சென்றுகொண்டிருந்த இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். ஹரிதாஸ் வெளிவந்து அப்போது மூன்று வாரங்களே ஆகியிருந்தன.

விசாரணையும் தண்டனையும்

1944 டிசம்பரில் பாகவதர் கைது செய்யப்பட்டார். என். எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோரும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டனர். கொலைக்குச் சதி செய்தனர் என்பது திரைக்கலைஞர்கள் மீதான குற்றச்சாட்டு. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகளின் உதவியுடன் விசாரிக்கப்பட்டது. 1945 மே மாதம் தீர்ப்பு வழங்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றனர். உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியானது.

அக்காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு அமைப்பாக இருந்தது இலண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில். வழக்கு அங்குக் கொண்டு செல்லப்பட்டது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு பிரிவி கவுன்சில் அதனைச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. மறுவிசாரணையில் புகழ்பெற்ற வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்பதால், 1947 ஏப்ரலில் பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை செய்யப்பட்டனர். அப்போது அவர்கள் சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்திருந்தனர்.

இலட்சுமிகாந்தனைக் கொல்லத் தூண்டியவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

வழக்கின் விளைவு

கைது செய்யப்பட்டபோது பாகவதர் பல படங்களுக்கு ஒப்பந்தமாகி முன்பணம் பெற்றிருந்தார். அப்படங்கள் கைவிடப்பட்டன, அல்லது வேறு நடிகர்களுக்குச் சென்றன. அவர் நடிப்பதாக இருந்த உதயணன் கதையில் கருநாடக இசைப் பாடகர் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்ததாலும், வழக்குச் செலவாலும் பாகவதரின் செல்வம் பெரிதும் கரைந்தது.

சட்டம் அவரைக் குற்றமற்றவர் எனக் கூறிய பின்னரும், பக்திப் படங்களின் அடியவராக மக்கள் கண்டிருந்த ஒருவர் கொலை வழக்கில் சிறை சென்றவர் என்னும் நினைவு அகலவில்லை. அவரும் முன்பிருந்த நிலையில் இல்லை. சிறையிலிருந்து வந்தபின் கோயில்களுக்குச் சென்று வழிபடுவதிலும் பக்திப் பாடல்களைப் பாடுவதிலும் மிகுந்த நாட்டம் காட்டினார்.

விடுதலைக்குப் பின்

1948 இல் சொந்தத் தயாரிப்பாக ராஜமுக்தி வெளிவந்தது. இதன் படப்பிடிப்பு புனேயில் நடைபெற்றது. எம். ஜி. ஆர்., வி. என். ஜானகி, பி. பானுமதி ஆகியோர் உடன் நடித்தனர். எழுத்தாளர் புதுமைப்பித்தன் இப்படத்திற்கு வசனம் எழுதுவதற்காகப் புனே சென்றார். அங்குக் காசநோய் முற்றியதால் ஊர் திரும்பி, அதே ஆண்டில் காலமானார். பெரும் எதிர்பார்ப்புடன் வெளிவந்த ராஜமுக்தி தோல்வி அடைந்தது.

அமரகவி, சியாமளா ஆகிய படங்கள் 1952 இல் வெளிவந்தன. இவையும் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. 1957 இல் தாமே இயக்கி நடித்த புதுவாழ்வு வெளிவந்து தோல்வியுற்றது.

இத்தோல்விகளுக்கு வழக்கு மட்டுமே காரணம் அன்று. அவருடன் அதே வழக்கில் தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையான என். எஸ். கிருஷ்ணன் 1949 இல் நல்லதம்பி, 1951 இல் மணமகள் ஆகிய படங்களின் மூலம் மீண்டும் வெற்றி பெற்றார். காலத்தின் சுவை மாறியிருந்தது. சி. என். அண்ணாதுரை கதை வசனம் எழுதிய வேலைக்காரி 1949 இல் வெளிவந்தது. மு. கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசன் அறிமுகமான பராசக்தி 1952 இல், அதாவது அமரகவியும் சியாமளாவும் வெளிவந்த அதே ஆண்டில், வெளிவந்தது. புராணக் கதைகளின் இடத்தைச் சமூகக் கதைகளும், பாட்டின் இடத்தை அடுக்குமொழி வசனமும் பிடித்தன. பின்னணி பாடும் முறை நிலைபெற்றதால் பாடத் தெரியாத நடிகரும் கதாநாயகனாக நடிக்க முடிந்தது. கிருஷ்ணனின் நகைச்சுவை புதிய காலத்தோடு பொருந்திச் சென்றது. பாகவதரின் கலையோ பாட்டை மட்டுமே சார்ந்திருந்தது. இம்மாற்றம் நிகழ்ந்த ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் சிறையில் இருந்ததால், அதற்கேற்ப மாறிக்கொள்ளும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை.

திரைப்படத்தில் வாய்ப்புக் குறைந்தபோதும், கச்சேரிகளை அவர் நிறுத்தவில்லை. கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் பாடினார். அவற்றுக்கு இறுதிவரை மக்கள் கூட்டம் வந்தது.

மறைவு

பிற்காலத்தில் பாகவதர் நீரிழிவு நோயாலும் இரத்த அழுத்தத்தாலும் துன்புற்றார். கண் பார்வையும் பாதிக்கப்பட்டது. நோய் முற்றிய நிலையில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1959 நவம்பர் 1 ஆம் நாள் காலமானார். அவரது உடல் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சங்கிலியாண்டபுரத்தில் இறுதிச்சடங்குகள் நடைபெற்றன. அவர் கடைசியாக நடித்த சிவகாமி, மறைவுக்குப் பின்னர் 1960 இல் வெளியிடப்பட்டது.

செல்வாக்கு

பாகவதருக்குப் பின் வந்த தமிழ்ப் பாடகர்கள் பலர் அவரது பாணியைப் பின்பற்றியே பாடத் தொடங்கினர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் டி. எம். சௌந்தரராஜன். கிருஷ்ண விஜயம் (1950) படத்தில் அவர் பாடிய முதல் பாடல் பாகவதரின் பாணியிலேயே அமைந்திருந்தது. பின்னர் அவர் தமக்கெனத் தனிப்பாணி வகுத்துக்கொண்டு எம். ஜி. ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் பின்னணி பாடினார். நாடக மேடையிலிருந்து வந்த டி. ஆர். மகாலிங்கமும் உயர்ந்த சுருதியில் பாடும் இம்மரபைத் தொடர்ந்தவரே. மகாலிங்கம் சொந்தக் குரலில் பாடி நடித்த கதாநாயகர்களின் வரிசையில் ஏறத்தாழ இறுதியானவர்.

தொடக்க காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் படச்சுருள்கள் அழிந்துவிட்டன. எனினும் ஹரிதாஸ், சிவகவி, அசோக்குமார், அம்பிகாபதி முதலிய படங்கள் கிடைக்கின்றன. பாகவதரின் பாடல்கள் இசைத்தட்டிலிருந்து ஒலிநாடா, குறுந்தட்டு ஆகியவற்றுக்கு மாற்றப்பட்டு இன்றும் கேட்கப்படுகின்றன. திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது.

நடித்த திரைப்படங்கள்

1934 – பவளக்கொடி
1936 – நவீன சாரங்கதாரா
1936 – சத்தியசீலன்
1937 – சிந்தாமணி
1937 – அம்பிகாபதி
1939 – திருநீலகண்டர்
1941 – அசோக்குமார்
1943 – சிவகவி
1944 – ஹரிதாஸ்
1948 – ராஜமுக்தி
1952 – அமரகவி
1952 – சியாமளா
1957 – புதுவாழ்வு
1960 – சிவகாமி